பழைய காரும் எச்சரிக்கை விளக்குகளும்

பிறர் ஓட்டிப் பழகிய காரை வாங்கி ஓட்டுவது, வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் பலருக்கு இன்று வழக்கமாகிவிட்டது. புதுக் காருக்கு வேண்டிய பெருந்தொகையைத் திரட்ட இயலாதவர்கள், இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு ஊருக்கு மாற்றலாகிச் செல்லக்கூடிய உத்தியோகஸ்தர்கள், பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் குடும்பத்தோடு ஊர் போய்வர ஒரு வண்டி இருந்தால் போதும் என்று கருதும் வியாபாரிகள் ஆகிய யாவரும் நாடுவது பழைய காரைத்தான். கொச்சி நகரின் மேற்குப் பகுதியில், மட்டாஞ்சேரிக்கும் தோப்பும்படிக்கும் அருகே, சுள்ளிக்கல் என்னும் இடத்தில் நான் குடியிருந்து வருகிறேன். எங்கள் தெருவில் நிற்கும் கார்களில் புதிதாக வாங்கியவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றவை யாவும் கைமாறி வந்தவை. சில தமிழ்நாட்டு எண்ணைத் தாங்கியவை. பல, மட்டாஞ்சேரி வட்டார எண்ணாகிய கே.எல். 43 என்பதைத் தாங்கியவை.

1958 முதல் 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான அம்பாஸிடர் காரின் முற்காலத்து வண்டிகளில் எச்சரிக்கை விளக்குகள் என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே. ஓட்டுபவர் காதாலும் மூக்காலும் வண்டியின் நலத்தை அறிந்துகொண்டார். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்த மாருதி 800 காரிலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. இன்றோ, பத்து ஆண்டு ஓடித் தேய்ந்த சிறிய காரின் முகப்புப் பலகையிலும் ஒரு டஜனுக்குக் குறையாத விளக்குகள் உள்ளன. அவற்றில் ஒன்று திடீரென்று ஒளிரும்போது நம்மவர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். அது பாட்டுக்கு எரியட்டும் என்று விட்டுவிடுகின்றனர். அல்லது பெரும் செலவு வந்துவிட்டது என்று அஞ்சி, முதலில் எதிர்ப்படும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஒப்படைத்துவிடுகின்றனர். இவ்விரண்டும் வேண்டாதவை.

நான் எந்திரவியல் கற்றவன் அல்லன், கலைப் பட்டதாரி, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். ஆயினும் இவ்விளக்குகளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு வகையில் உரிமை உண்டு என்று கருதுகிறேன். இவை ஒரு மொழி. எழுத்தறியாதவரும், எந்நாட்டவரும் படிக்கவேண்டும் என்ற நோக்கத்துடன் ஆக்கப்பட்ட பட எழுத்து இது. அனைத்துலகத் தர நிர்ணய நிறுவனம் இப்படங்களை 2575 என்னும் எண்ணுடைய தரத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. ஆதலால் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் செய்த காராயினும், ஹரியானாவில் செய்த காராயினும் பெரும்பாலும் ஒரே படந்தான். எல்லா மொழிகளையும் போலவே இதிலும், சொல்லுக்குச் சொல் பொருள் கொள்பவர் இடறி விழுகின்றனர்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் இப்போதே நிறுத்து என்று பொருள். மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆயினும் விரைவில் கவனி என்று பொருள். பச்சையும் நீலமும் செய்தி மட்டுமே கூறுபவை. ஒரு சாதனம் இயங்குகிறது என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருள் இல்லை. முன் விளக்கின் ஒளி தூரத்தில் விழும்படி வைத்திருக்கிறீர்கள் என்பதை நீலம் கூறும். சில கார்களில் காலையில் வண்டியைக் கிளப்பியதும் வெப்பமானிப் படம் ஒன்று நீலமாக ஒளிர்ந்து, சில நிமிடங்களில் மறையும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்பதே அதன் செய்தி. இதைக் கண்டு பதறி மெக்கானிக்கிடம் ஓடியவரை நான் அறிவேன்.

பழைய காரை விலை பேசுவதற்கு முன்பே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. ஒரு காசும் செலவில்லாதது. அரை நிமிடத்தில் முடிவது. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, முகப்புப் பலகையைக் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். அப்போது ஆயில் விளக்கு, பாட்டரி விளக்கு, எஞ்சின் விளக்கு, பிரேக் பூட்டுத் தடுப்பாகிய ஏ.பி.எஸ். விளக்கு, காற்றுப்பை விளக்கு ஆகிய யாவும் ஒளிர வேண்டும். காற்றுப்பை விளக்கும் ஏ.பி.எஸ். விளக்கும் சில விநாடிகளில் தாமாகவே அணையும். ஆயில், பாட்டரி, எஞ்சின் விளக்குகள் எஞ்சின் கிளம்பிய பின்னரே அணையும். நாம் காண வேண்டியது அணைகிறதா என்பதை மட்டுமன்று. முதலில் எரிகிறதா என்பதையே. எரியவேண்டிய விளக்கு எரியவில்லையெனில், பழுதைச் சரிசெய்வதற்குப் பதில் யாரோ பல்பைக் கழற்றிவிட்டார் என்று ஐயுறலாம். வேறு சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, காற்றுப்பை விளக்கின் கம்பியை ஆயில் விளக்கின் கம்பியோடு முடிந்துவிடுகின்றனர். இது எரியும்போது அதுவும் எரியும், இது அணையும்போது அதுவும் அணையும், வாங்குபவர் திருப்தியடைவார். ஒவ்வொரு விளக்கும் தனக்குரிய நேரத்தில் தனியாக அணைகிறதா என்று பார்ப்பவரிடம் இந்தத் தந்திரம் பலிக்காது. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் செய்யப்படும் ஒவ்வொரு காரிலும் ஓட்டுபவருக்குக் காற்றுப்பை கட்டாயமாகியிருக்கிறது. அந்த வண்டிகளும் இப்போது கைமாறும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. மோதலில் ஒருமுறை விரிந்த பை திரும்பப் பொருத்தப்படாமலேயே விற்கப்படும் வண்டியில், உயிரைக் காக்கும் பொருள் இருக்குமிடம் வெற்றிடமாகும். அதை வெளியே காட்டிக்கொடுக்கக்கூடியது இந்தச் சிறு விளக்கு.

இனி, எல்லா விளக்குகளிலும் தவறாகப் பொருள் கொள்ளப்படுவது எதுவென்றால், மூக்கில் ஒரு துளி சொட்டும் எண்ணெய்க் கிண்டியின் படம். இதைக் கண்டதும், ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது போலும், அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது இயல்பு. அந்த விளக்கு ஆயிலின் அளவைக் கூறுவதன்று. ஆயிலின் அழுத்தத்தைக் கூறுவது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையில், ஆயில் மெல்லிய ஏடுபோல் அழுத்தத்தோடு நின்று, இரும்பும் இரும்பும் உரசாமல் காக்கிறது. அந்த அழுத்தம் போய்விட்டது என்பதே இச்சிவப்பு விளக்கின் பொருள். அழுத்தமின்றி ஓடும் எஞ்சின் சில நிமிடங்களில் பேரிங்கு உருகி இறுகிப்போகும். ஆக, அடுத்த ஊர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் தெருவில் தேனிப் பக்கத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். கொச்சியில் வாழும் தேனி, மதுரை மாவட்டத்தார் ஊருக்குச் செல்லும் வழி கோதமங்கலம், அடிமாலி, மூணாறு, போடிமெட்டு வழியாகப் போவது. சென்ற ஆண்டு அவர் தம் பழைய ஆல்டோ காரில் மனைவி, இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருந்த தாய்மாமன் ஆகியோருடன் புறப்பட்டார். பெரியாற்றின் மேல் 1935-இல் திறக்கப்பட்ட நேரியமங்கலம் பாலத்தைக் கடந்து மலை ஏறத் தொடங்கும்போது ஆயில் விளக்கு ஒரு வளைவில் மின்னி அணைந்தது. அடுத்த வளைவில் எரிந்து நின்றுவிட்டது. "அடிமாலி வரைக்கும் போயிரலாம் மாப்பிள்ளை, இந்தக் காட்டுக்குள்ளே நின்னு என்ன பண்ணப் போறோம்" என்றார் மாமா. பெரியவர் பேச்சை மறுக்க நம்மவருக்கு மனம் வராது. ஆனால் அன்று அவர் மறுத்தார். அகலமான ஓர் இடத்தில் ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தி, குழந்தைகளை இறக்கி நிழலில் உட்கார வைத்தார். பத்து நிமிடம் பொறுத்து, ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து மறுபடி நுழைத்துப் பார்த்தபோது, கீழ்க் கோட்டைக்கூட ஆயில் தொடவில்லை. வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் ஆயில் வடிக்கும் திருகிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. நான்கு நாட்களுக்கு முன் ஆயில் மாற்றியவர்கள் திருகின் வாஷரைப் புதுப்பிக்காமல் பழையதையே போட்டு முடுக்கியிருந்தார்கள்.

அவ்வழியே வந்த ஆட்டோக்காரர் ஒருவர், இரண்டரை லிட்டர் ஆயிலும் ஒரு ஸ்பானரும் கொண்டுவந்து கொடுத்தார். திருகை இறுக்கி, ஆயில் ஊற்றி, சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது. எஞ்சின் கிளம்பியதும் அணைந்தது. அடிமாலியில் புது வாஷரும் கிடைத்தது. அந்தச் சிறு எஞ்சின் கொள்ளும் ஆயில் மொத்தம் ஏறத்தாழ மூன்று லிட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். மாமா சொன்னபடி சென்றிருந்தால், ஏற்றத்தின் நடுவே, ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக இருக்கும் வளைவில் எஞ்சின் இறுகி நின்றிருக்கும். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும். பிரேக்குக்கு எஞ்சின் தரும் துணையும் ஓரிரு மிதிகளில் தீர்ந்துபோகும். பின்னால் லாரியோ பஸ்ஸோ வந்தால் என்ன ஆகும் என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை. ஆயில் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், அதன்பின் எஞ்சினைக் கிளப்பவே கூடாது. கட்டி இழுத்துத்தான் செல்ல வேண்டும்.

பாட்டரிப் படமும் இதுபோன்றதே. பாட்டரி கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் கொண்டு புதுப் பாட்டரி வாங்கிப் போட்டவர்கள் அநேகர். மறுநாளும் அதே விளக்கு எரிவதைக் கண்டு அவர்கள் திகைக்கின்றனர். பாட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்பதே இதன் பொருள். பெல்ட்டு அறுந்திருக்கலாம், ஆல்டர்னேட்டர் பழுதாகியிருக்கலாம், அல்லது கம்பி இணைப்பு ஒன்று விட்டிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் இரு முனைகளிலும் அளந்தால் ஏறத்தாழ பதினான்கு வோல்ட் காட்ட வேண்டும். பன்னிரண்டே காட்டினால் மின்சாரம் ஏறவில்லை. பல கார்களில் அதே பெல்ட்டுதான் நீர் இறைக்கும் பம்பையும் சுழற்றுகிறது. ஆகவே பாட்டரி விளக்கு எரிந்தவுடன் வெப்பமானியையும் பாருங்கள். முள் ஏறுகிறதென்றால் உடனே நிறுத்த வேண்டும். முள் ஏறவில்லையெனில், ஏ.சி. முதலிய மின்சாரம் தின்னும் சாதனங்களை நிறுத்திவிட்டு, பகலாயின் அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை செல்லலாம். இரவில் இதை முயல வேண்டாம்.

காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று ஒலி மட்டும் எழுந்து வண்டி கிளம்பாமல் நிற்பது மேற்குக் கொச்சியில் நித்திய நிகழ்ச்சி. உப்புக் காற்று பாட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடுகிறது. மின்சாரம் அதைத் தாண்டிச் செல்வதில்லை. செல்ஃப் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். கருப்பு முனையை முதலில் கழற்றி, பிறகு சிவப்பு முனையைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்த்துத் துடைத்து உலர்த்த வேண்டும். மாட்டும்போது சிவப்பு முன்னே, கருப்பு பின்னே. மேலே சிறிது வாஸ்லைன் தடவிவிட்டால் சில மாதங்களுக்குக் கவலையில்லை.

வெப்பம் பற்றிச் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளனாகிய நான் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்ல ஆசைப்படுகிறேன். இவ்வூருக்குப் புதிதாக வந்த தமிழர் ஒருவர், வெப்ப விளக்கு எரிந்ததும் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினார். அவர் எஞ்சினைப் பார்த்துவிட்டு, "வெள்ளம் ஒழிக்கணம்" என்றார். எங்கேயோ வெள்ளம் புகுந்துவிட்டது, அதை ஒழித்தாக வேண்டும் என்கிறார் என்று எண்ணி நண்பர் கலங்கிப் போனார். மலையாளத்தில் வெள்ளம் என்பது தண்ணீர். ஒழிக்குதல் என்பது ஊற்றுதல். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றுதான் அந்த மனிதர் சொன்னார்! ஒரே வீட்டில் பிறந்து வேறு ஊர்களில் வாழ்க்கைப்பட்ட உடன்பிறந்தாரைப் போன்றவை இச்சொற்கள். முகம் ஒன்று, குணம் வேறு.

வெப்ப விளக்கு சிவப்பாக எரிந்தால், ஏ.சி.யை நிறுத்தி, வெந்நீர்க் காற்றாகிய ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்த வேண்டும். வேர்த்துக் கொட்டினாலும் ஹீட்டர் எஞ்சினின் சூட்டைச் சிறிது இழுத்து வெளியே தள்ளும். எஞ்சின் நன்கு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் கொதிக்கும் நீர். மூடியைத் திறந்த கையும் முகமும் வெந்துபோனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஊற்றுவதற்கு உரியது கூலன்ட் திரவம். அவசரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். ஆனால் மேற்குக் கொச்சியின் கிணற்று நீரை ஊற்றாதீர்கள். உப்பேறிய நீர் ரேடியேட்டரை உள்ளிருந்தே அரிக்கும். குடிப்பதற்கு லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் பகுதிகள் இங்கே இருப்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரேக்கின் சிவப்பு விளக்கு, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. கை பிரேக்கை முழுவதும் இறக்காவிட்டாலும் எரியும். இறக்கியும் எரிந்தால் பிரேக் திரவம் குறைந்திருக்கிறது. மிதி வழக்கத்தைவிடக் கீழே போனால், அல்லது பஞ்சு மிதிப்பது போலிருந்தால், வண்டியை நகர்த்தாதீர்கள். ஏ.பி.எஸ். என்ற மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். மழைச் சாலையில் திடீரென்று மிதிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் வசதி மட்டும் இல்லை. பெரும்பாலும் சக்கரத்தருகே உள்ள சென்சாரில் சேறோ துருவோ படிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து எரிந்தால் சிவப்புக்குரிய மரியாதையைக் கொடுங்கள்.

எஞ்சின் வடிவமுள்ள மஞ்சள் விளக்கைப் பற்றித்தான் பழைய கார் வாங்கியோர் அதிகமாகக் கேட்கின்றனர். இதன் வரலாறு காற்றுத் தூய்மையோடு சேர்ந்தது. கார்ப் புகையால் மூச்சுத் திணறிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகளை வண்டி தானே கண்காணித்துக் குறை கூற வேண்டுமென்று 1988-ஆம் ஆண்டுக் கார்கள் முதல் விதித்தது. 1996-இல் அந்நாடு முழுவதற்கும் ஒரே முறை வந்தது. நம் நாட்டில் 2010-இல் தொடங்கி, 2013 ஏப்ரல் முதல் இரண்டாம் நிலை நடைமுறைக்கு வந்தது. எனவே, எஞ்சின் பழுது என்று இதை மொழிபெயர்ப்பது முழுச் சரியன்று. எரிதலிலோ புகையிலோ ஏதோ ஒன்று வரம்பு மீறுகிறது, அதைக் குறித்து வைத்திருக்கிறேன், வந்து படி என்று வண்டி கூறுகிறது.

நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிச் சென்று அந்த வாரத்தில் காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் பற்றாமல், எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் சென்று, அங்குள்ள விலையுயர்ந்த புகைவடிகட்டியைச் சுட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, கூடிய விரைவில் நிறுத்த வேண்டும். இடவப்பாதி மழையில் தெருவோரம் இரவு முழுவதும் நனைந்த பழைய வண்டிகள் மறுநாள் காலை குலுங்கிக்கொண்டே கிளம்பி இந்த விளக்கை மின்ன வைப்பதுண்டு. ஸ்பார்க் பிளக் இருக்கும் குழியில் ஈரம் இறங்கியிருக்கும்; துடைத்து உலர்த்தினால் பல வேளை சரியாகிவிடும்.

வண்டி குறித்து வைத்த செய்தியைப் படிப்பதற்கு, ஸ்டியரிங்கின் கீழே முழங்காலுக்கு அருகில் பதினாறு துளைகள் கொண்ட ஒரு செருகுமிடம் இருக்கிறது. அதில் செருகும் சிறு கருவி சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. கைபேசியோடு இணைத்தால் குறை எண்ணைக் காட்டும். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் பற்றவில்லை. பி 0171 என்றால் பெட்ரோலைவிடக் காற்று மிகுந்துவிட்டது. பி 0420 என்றால் புகைவடிகட்டி தன் வேலையைப் போதிய அளவு செய்யவில்லை. இங்கும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது ஆபத்து. பி 0301 என்ற எண் பிளக்கை மாற்று என்று கட்டளையிடவில்லை. பிளக்கோ, காயிலோ, இஞ்செக்டரோ எதுவுமாக இருக்கலாம். முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதில் மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். குறை எண் பி 0302 என்று மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் காயில் நிரபராதி. ஓர் உறுப்பும் வாங்காமல் செய்யும் இத்தகைய சோதனையைச் செய்யும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

விற்பவர் சிலர், வாங்குபவர் வருவதற்குச் சற்று முன் பாட்டரியைக் கழற்றி மாட்டியோ, கருவியால் அழித்தோ விளக்கை அணைத்துவிடுகின்றனர். அழித்த எழுத்தின் தடம் ஓலையில் இருப்பது போல இதற்கும் தடம் உண்டு. குறைகளை அழித்ததும், வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொண்ட முடிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். பல நாள் ஓடிய பின்னரே அவை மீண்டும் நிறையும். கருவியில் அச்சோதனைகள் பல முடிவுபெறவில்லை என்று காட்டினால், விளக்கு அண்மையில்தான் அணைக்கப்பட்டிருக்கிறது. காரணம் கேளுங்கள். பாட்டரி மாற்றினேன் என்று அவர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். புதுப் பாட்டரியின் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

கடற்கரை ஊர்களில் பழைய கார் வாங்குவோர் விளக்குகளோடு நின்றுவிடக் கூடாது. வாவு நாட்களில் ஓதம் ஏறிக் காயல் நீர் தெருவுக்கு வருவது செல்லானம், இடக்கொச்சி, கும்பளங்கிப் பகுதிகளில் அண்மைக் காலத்தில் மிகுந்துவிட்டது. இங்குள்ளோர் இதை வேலியேற்றம் என்கின்றனர். முழங்கால் அளவு நீரில் ஒரு மணி நேரம் நின்ற வண்டியின் அடிப்பகுதியில் உப்பு தங்கிவிடும். மாதங்கள் சென்றபின், பூமிக் கம்பி எனப்படும் எர்த் இணைப்பு துருவேறி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு விளக்குகள் ஒரே சமயத்தில் எரியத் தொடங்கும். நான்கு உறுப்புகள் ஒரே நாளில் கெடுவது அரிது. இவ்வாறு நேர்ந்தால் பாட்டரி முனையையும் எர்த் கம்பியையும் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் பெரியாற்றங்கரை ஊர்கள் மூழ்கியதையும், நெடும்பாசேரி விமான நிலையம் இரண்டு வாரம் மூடப்பட்டதையும் நேயர்கள் அறிவார்கள். அவ்வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எண்ணற்றவை. சீர்செய்யப்பட்டு மறுபடியும் சந்தைக்கு வந்தவையும் உண்டு. வெளிப்பூச்சைப் பார்த்து இதை அறிய இயலாது. இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை ஒரு கோடாகத் தெரியும். உபரிச் சக்கரத்தைத் தூக்கி அதன் கீழே பாருங்கள். இருக்கைகளைத் தரையோடு இணைக்கும் திருகுகளில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். முன் விளக்குக் கண்ணாடிக்குள் நீராவி படிந்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி. உங்கள் சொந்த வண்டியே நீரில் நிற்க நேர்ந்தால், நீர் வடிந்ததும் ஆவலோடு சாவியைத் திருப்பிவிடாதீர்கள். எஞ்சினுக்குள் நீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. அமுக்க முயன்று உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். பாட்டரியைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியை வரவழைப்பதே வழி.

சிறு தொல்லைகள் இன்னும் சில. மழைக்காலத்தில் கை பிரேக்கை இழுத்து வைத்து இரண்டு நாள் நிறுத்திய வண்டி, பின் சக்கரம் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும். சமதரையாயின் கியரில் விட்டு நிறுத்துங்கள். கை பிரேக் வேண்டாம். சாவி வடிவமுள்ள விளக்கு மின்னி எஞ்சின் கிளம்பாவிட்டால், சாவிக்குள் உள்ள சில்லை வண்டி அடையாளம் காணவில்லை. மற்றொரு சாவியால் முயல வேண்டும். பழைய கார் வாங்கும்போது இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது இதனால்தான். டீசல் வண்டியில் சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு அணைந்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஹாரனோ வைப்பரோ திடீரென்று நின்றால் பியூஸ் பெட்டியின் மூடியைப் பாருங்கள். எது எதற்குரியது என்று அங்கேயே அச்சிட்டிருக்கும். எரிந்த பியூஸுக்குப் பதில் அதே எண்ணுள்ளதையே போடுங்கள். கம்பியைச் சுற்றிப் போடுபவர் வண்டிக்குத் தீ வைக்க ஏற்பாடு செய்கிறார்.

தமிழ்நாட்டு எண்ணோடு வண்டி கொண்டுவந்தவர்களுக்கு ஒரு சொல். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலத்து எண் பெற வேண்டும். அதற்கு, முதலில் பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. ஊருக்குப் போகும்போது அதையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் சொல், "குழப்பமில்ல" என்பது. நம் மொழியில் குழப்பம் மனத்தில் இருப்பது. மலையாளத்தில் அது பொருளில் உள்ள கோளாறு. கோளாறு ஒன்றுமில்லை என்று அவர் ஆறுதல் கூறுகிறார். அவர் நல்ல மனிதராகவே இருப்பார். ஆயினும் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அந்த ஆறுதலோடு திரும்பிவிடாதீர்கள். எந்த விளக்கு எரிந்தது, என்ன நிறம், நிலையாகவா மின்னியா, வண்டி சூடாக இருந்தபோதா குளிர்ந்திருந்தபோதா, மழையிலா வெயிலிலா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கருவியைச் செருகிப் பார்த்ததும், "கோட் ஏதாணு?" என்று கேளுங்கள். அவர் கூறும் எண்ணை, அன்றைய தேதியோடும் வண்டி ஓடிய கிலோமீட்டரோடும், பதிவுப் புத்தகம் வைத்திருக்கும் உறையின் மேலேயே குறித்து வையுங்கள்.